முப்பத்தெட்டாம் கம்பம்

இந்தக் காலத்து ஆட்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தபாலாபீஸில் ஒரு டெலிபோன் இருக்கிறது. வரிசையில் நிற்க மாட்டான். கையில் எடுத்ததும் காட்டுக் கத்தல். லைன் சரியில்லை என்றால் தொப்பென்று போட்டுவிட்டு, வேலை பார்க்கிறவனின் அம்மா அப்பாவைத் திட்டுகிறான். அந்தக் கம்பி எந்தச் சேற்றைத் தாண்டி வருகிறது, அதைக் கட்டப் போனவன் வீடு திரும்பினானா... ஒருத்தன் கேட்டதில்லை. கேட்டால் சொல்லலாம் என்று நாற்பது வருஷம் காத்திருந்தேன். இனிக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

இது நடந்தது. எனக்கே நடந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், கதை கட்டத் தெரியாது. பேயைப் பார்த்தேன் என்று எவனாவது வந்தால் முதலில் அவன் வாயை முகர்ந்து பார்க்கிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான்.

1926. ஆவணி மாதம். செவ்வாய்க்கிழமை.

அப்போது நான் ரங்கூனில் தந்தி இலாகாவில் லைன் கூலி. இலாகாவின் பெரிய தலைகள் டெல்லியில் உட்கார்ந்திருந்தார்கள். கம்பங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில், வயல் சேற்றில் நின்றன. காற்றடித்துக் கம்பி அறுந்தால் போய்க் கட்ட வேண்டும். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

முந்தின ராத்திரி பேய்க்காற்று. டாலாவிலிருந்து துவாந்தே போகிற லைன் செத்துவிட்டது. பிற்பகல் மூன்றரைக்கு எங்கள் மேஸ்திரி, பால் என்கிற கிறிஸ்தவர், ரங்கூன் கரையில் அலோனில் இருந்த எங்கள் கூலி லயனுக்கே வந்துவிட்டார்.

"ரெங்கசாமி, இன்னைக்கே போகணும். கூட யாரைக் கூட்டிக்கிறே?"

லயனில் பாதிப் பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். செல்லக்கண்ணு மச்சான் பேரைச் சொன்னது நான்தான். மேஸ்திரி இல்லை, இலாகா இல்லை. நான்.

செல்லக்கண்ணு என் அக்கா தங்கமணியின் புருஷன். நாற்பது வயது. தொந்தி. வாய் நிறைய வெற்றிலை, அதையும் மீறிப் பேச்சு. அவரும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்தான், நாலு நாள் ஆகியிருந்தது. அக்காவுக்கு மூன்று பெண்கள். நாலாவது வயிற்றில்.

அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டா, உனக்கு வேற ஆம்பளையே கிடைக்கலையா?"

"நான் கூடத்தானே போறேன், அக்கா."

"நீ போறேன்னுதான் விடுறேன். இவரைக் கொண்டாந்து இதே வாசல்ல விடணும். நீதான் விடணும். கேட்டுதா?"

"இவன் என்னத்த என்னை விடுறது? சேத்துல விழுந்து கிடப்பான், நான்தான் இவனத் தோள்ல போட்டுக்கிட்டு வரணும்" என்றார் மச்சான். அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

4.50-க்கு ஆற்றைக் கடந்தோம். அமீர் அலியின் சாம்பான் படகு. சிட்டகாங் ஆள், எங்களோடு பழகிப் பழகித் தமிழைக் கடித்துத் துப்புவான்.

"மெதுவாப் போ பாய், எனக்கு நீச்சல் தெரியாது" என்றார் மச்சான்.

"எனக்கும் தெரியாது" என்றான் அமீர் அலி.

மச்சான் அக்கரை போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அவ்வளவு நேரம் வாயை மூடி நான் பார்த்ததே இல்லை.

டாலா படித்துறையிலிருந்து இருபது நிமிஷ நடையில் முதல் கம்பம். எல்லாம் இரும்புக் குழாய்க் கம்பங்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் நம்பர் இருக்கும்.

எங்கள் வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் போகிறவன் அண்ணாந்து கம்பியைப் பார்த்துக்கொண்டே போவான். பின்னால் வருகிறவன் கம்பத்தில் ஏறியிருக்கும் கொடியை வெட்டிக்கொண்டு வருவான். அவனுக்கு நேரம் பிடிக்கும். அதனால் நடுவில் எப்போதும் நாலைந்து கம்பம் இடைவெளி விழும். மழையில் கத்தினால் கேட்காது. ஆகவே ஸ்பேனரால் கம்பத்தைத் தட்டுவோம். முன்னவன் இரண்டு தட்டினால் 'நான் போகிறேன்'. பின்னவன் ஒன்று தட்டினால் 'வருகிறேன்'. சத்தம் கம்பி வழியாக ஓடி வரும். கம்பத்தில் காதை வைத்தால் கேட்கும்.

மூன்று தட்டினால் 'வேலை இல்லை, திரும்பிப் போ'. மூன்று கேட்டவன் ஏன் எதற்கு என்று நிற்கக்கூடாது. திரும்பிவிட வேண்டும். பாம்போ, வெள்ளமோ, என்னவோ. படித்துறையில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

எந்தக் கம்பத்தில் எத்தனை மணிக்கு இருந்தோம் என்று மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும். அதற்காக அவருடைய கடிகாரத்தை மெழுகுத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார். இருட்டிலும் முள் பச்சையாக மினுங்கும். அதனால்தான் நேரங்கள் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

5.40. முதல் கம்பம். நான் முன்னால். மச்சான் பின்னால். கம்பிச் சுருளும் அவர் தோளில்.

ணங்... ணங்.

காதை வைத்து எண்ணிக்கொண்டு நிற்பேன். பதினெட்டு, இருபது எண்ணியதும் சாவகாசமாக ஒரு ணங். மச்சானின் உடம்பு போலவே அவர் தட்டும் மெதுவாகத்தான் வரும்.

ஒன்பதாம் கம்பத்தில் ஒரு ஓடை. அவரைக் கைபிடித்து ஏற்றிவிட நின்றேன்.

"மாப்ளே, அட்டை ஒண்ணு தொடையில ஏறிடுச்சு."

"பிச்சுப் போடுங்க."

"இருந்துட்டுப் போகுது. பாவம், அதுக்கும் பசிக்கும்ல."

அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

6.48. நன்றாக இருட்டிவிட்டது. என் அரிக்கேன் விளக்கு காற்றில் இரண்டு தடவை அணைந்து, மூன்றாம் தடவை பற்றவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் மச்சானின் விளக்கு மஞ்சளாக ஆடியது. சரி, வருகிறார்.

7.02. முப்பத்தொன்றாம் கம்பம்.

அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. கை மரத்துப் போயிருந்தது. இரண்டு தட்டிவிட்டு இறக்கும்போது ஸ்பேனர் நழுவியது. விழுகிற போக்கில் கம்பத்தில் இன்னொரு தடவை மோதியது.

ணங்... ணங்... ணங்.

மூன்று.

திரும்பிப் போய்விடுவாரே! காதை அழுத்தி வைத்துக்கொண்டு எண்ணினேன். இருபது. முப்பது. நாற்பது...

ணங்.

அப்பாடா. கை நழுவியது என்று புரிந்துகொண்டார். திரும்பியிருந்தால் பதில் தட்டமாட்டார் அல்லவா? தைரியமாக நடந்தேன்.

முப்பத்திரண்டாம் கம்பம். இரண்டு தட்டினேன். பத்து எண்ணுவதற்குள் பதில் வந்துவிட்டது. பரவாயில்லையே, மச்சானுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

முப்பத்துநாலு. மூன்று எண்ணுவதற்குள் பதில்.

முப்பத்தைந்து. நான் இரண்டாவது தட்டைத் தட்டுவதற்கு முன்பே... ணங்.

திரும்பிப் பார்த்தேன். விளக்கு இல்லை. வரப்பு முழுக்க இருட்டு. அவர் விளக்கும் அணைந்திருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

7.36. முப்பத்தெட்டாம் கம்பம். அறுந்த இடம் கிடைத்தது. முப்பத்தேழுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில் கம்பி துண்டாகி, தண்ணீருக்குள் கிடந்தது. காலால் துழாவிப் பார்த்தேன். இந்தப் பக்கத்து முனை என் காலடியில். அந்தப் பக்கத்து முனை எங்கோ தண்ணீருக்கடியில்.

கட்டுவதற்குப் புதுக் கம்பி வேண்டும். சுருள் மச்சானிடம். அவர் வரட்டும் என்று இரண்டு தட்டினேன்.

ணங்.

உடனே. காதுக்குள்ளேயே.

வந்துவிட்டார், முப்பத்தேழில்தான் நிற்கிறார் என்று கூப்பிட வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது.

கம்பி அறுந்து கிடக்கிறது.

பின்னாலிருந்து தட்டினால் சத்தம் எப்படி இந்தக் கம்பத்துக்கு வரும்?

இந்தக் கம்பத்திலிருந்து கம்பி போவது ஒரே பக்கம்தான். முன்னால். முப்பத்தொன்பதுக்கு. அங்கே யாரும் இல்லை. நாங்கள் இன்னும் அங்கே போகவே இல்லை.

"மச்சான்!"

வயல் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த தவளைகள் நின்றன. எல்லாம் ஒரே சமயத்தில்.

"மச்சான்! எங்க நிக்கிறீங்க?"

ஒன்றும் இல்லை... மழைச் சத்தம் மட்டும்.

திரும்பி ஓடப் பார்த்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. இன்னும் இரண்டு எட்டு, மார்புக்கு. கடல் ஏற்றத்தில் ஆறு பெருகி, ஓடையெல்லாம் நிரம்பி, நான் நடந்து வந்த வரப்பையே மூழ்கடித்துவிட்டது. இழுப்பு காலை வாரியது. தவழ்ந்து கம்பத்துக்கே திரும்பினேன். கம்பம் நட்ட மேடு மட்டும்தான் மிச்சம்.

முன்னாலும் போக முடியாது. பின்னாலும் முடியாது. அந்த இருட்டில் எங்கோ காய்ச்சல்காரர் ஒருவர், நீச்சல் தெரியாதவர், என்னை நம்பி வந்துகொண்டிருக்கிறார். அக்காவிடம் தலையாட்டியவன் நான்.

நான் தட்டவில்லை.

ணங்.

முப்பத்தொன்பதிலிருந்து இல்லை. இரும்பு என் கைக்குள் அதிர்ந்தது. இந்தக் கம்பம்தான்.

7.51.

வேட்டியை அவிழ்த்து என்னைக் கம்பத்தோடு கட்டிக்கொண்டேன். எதுவாக இருந்தாலும் மச்சான் இங்கே வரக்கூடாது. அது ஒன்றுதான் மனதில். கம்பி அறுந்திருக்கிறது, அவருக்குக் கேட்காது என்று தெரியும். தெரிந்தும் தட்டினேன். என் பலம் முழுவதையும் போட்டு...

மூன்று தட்டு.

போயிடுங்க மச்சான்... திரும்பிப் போயிடுங்க...

பதில் வந்தது.

ஒன்று இல்லை.

ணங்...

ணங்...

ணங்.

என் தலைக்கு மேலே.

7.58.

மழை விட்டிருந்தது. ஆனாலும் என் உச்சந்தலையில் சொட்டியது. சொட்டு... சொட்டு...

வெதுவெதுப்பாக.

நான் மேலே பார்க்கவில்லை.

விடியும்வரை பார்க்கவில்லை.

காலை 5.20-க்கு மாடு தேடி வந்த பர்மியக் குடியானவர் ஒருவர், கோ தான் என்று பெயர், என்னைக் கண்டார். கம்பத்தைக் கட்டிப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். மேலே பார்த்தேன். கம்பியைத் தாங்குகிற வெள்ளைப் பீங்கானும் அறுந்த கம்பியும்தான் இருந்தன.

தண்ணீர் வடிந்த வரப்பில் இரண்டு பேருமாகத் திரும்பி வந்தோம். முப்பத்தேழில் கொடி அப்படியே ஏறிக்கிடந்தது. முப்பத்தாறிலும். முப்பத்தைந்திலும். இருபத்தேழுவரை ஒரு கம்பத்திலும் கத்தி பட்டிருக்கவில்லை. இருபத்தாறில்தான் புதிதாக வெட்டிய கொடி தரையில் கிடந்தது.

ஆக, மச்சான் இருபத்தாறைத் தாண்டி வரவே இல்லை. என் கை நழுவி மூன்று விழுந்ததும், முறைப்படி திரும்பிவிட்டார்.

என்ன சந்தோஷம் எனக்கு! அப்புறம் எனக்குப் பதில் தட்டியது யார் என்றுகூட யோசிக்கவில்லை. மச்சான் பிழைத்தார், வீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டு என்னைக் கேலி பேசிக்கொண்டிருப்பார் என்று ஓட்டமும் நடையுமாகப் படித்துறைக்கு வந்து, வேறொரு படகில் ஆற்றைக் கடந்து அலோன் வந்தேன்.

அக்கா வாசலில் நின்றாள்.

"நீ மட்டும் வர்றே. அவர் எங்கடா?"

மத்தியானம் பால் மேஸ்திரி அமீர் அலியைத் தேடிப் பிடித்து லயனுக்கே கூட்டி வந்தார். அவன் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

"இவன்கிட்டே கேளு. என்கிட்டே ஏன் கேட்குது?" என்றான். "ராத்திரி எட்டு பத்து. இவனும் செல்லக்கண்ணும் ரெண்டு பேரும் என் சாம்பான்ல வந்துச்சு."

"நான் டாலாவுல கம்பத்துல கிடந்தேன், பாய்!"

"நீ வந்துச்சு. அங்கே உக்காந்துச்சு. பேசல. செல்லக்கண்ணு சொல்லுச்சு: 'மாப்ளே மூணு தட்டினான், வந்துட்டேன். பின்னாடியே வந்துட்டான், ஆனா கோவமா இருக்கான், என்கூடப் பேச மாட்டேங்கிறான்'. அப்படிச் சொல்லிச் சிரிச்சுச்சு. இந்தக் கரை வந்துச்சு. நீ முதல்ல இறங்குச்சு. அவனுக்குக் கை குடுத்துச்சு. அவன் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்குச்சு. மரக் கிட்டங்கிப் பக்கம் ரெண்டு பேரும் போச்சு."

அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

செல்லக்கண்ணு மச்சான் அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. மரம் அடுக்கி வைக்கிற கிட்டங்கிகளில் தேடினோம். ஆற்றில் தேடினோம். டாலாவில் குடிசை குடிசையாகக் கேட்டோம். ஒரு துணி கிடைக்கவில்லை. போலீஸ் என்னை ஒன்பது நாள் வைத்திருந்தது. கோ தான் தன் பெண்சாதியோடு வந்து, விடியற்காலையில் என்னைக் கம்பத்திலிருந்து பிரித்தெடுத்த கதையைச் சொன்னார். அந்த வெள்ளத்தில் மனுஷன் போகவும் முடியாது, வரவும் முடியாது என்றார். விட்டுவிட்டார்கள்.

போலீஸ் நம்பியது. அக்கா நம்பவில்லை.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ரகசியம் கேட்பதுபோல் ஒன்றைத்தான் கேட்டாள்.

"அவரை எங்கடா கூட்டிட்டுப் போனே? அதை மட்டும் சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நாலாவது, ஆண் குழந்தை பிறந்தது. என் கண்ணில் காட்டவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

தை மாதம், பட்டப்பகலில், அமீர் அலியைத் தேடிக்கொண்டு படித்துறைக்குப் போனேன். சாம்பானில் உட்கார்ந்து கயிறு பின்னிக்கொண்டிருந்தான். படிக்கட்டில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"பாய், ஒரு தடவை வந்து என் அக்காகிட்ட சொல்லு. இருட்டு, மழை, முகம் தெரியல, அது ரெங்கசாமி இல்லன்னு சொல்லு. உன் காலைப் பிடிச்சுக்கிறேன்."

"முகம் தெரிஞ்சுச்சு. உன் முகம்தான்."

"பொய்."

அவன் கயிற்றைக் கீழே வைத்தான்.

"ஒண்ணு அன்னைக்குச் சொல்லல. உன் அக்கா இருந்துச்சு, வயித்துல பிள்ளை. அதனால சொல்லல."

"என்னது?"

"செல்லக்கண்ணு ஏறுச்சு. சாம்பான் இப்படி அமுங்குச்சு." உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினான். "ஆள் ஏறினா அமுங்கும். பிள்ளை ஏறினாக்கூட அமுங்கும். இருபது வருஷம், என் காலுக்குத் தெரியும். அப்புறம் நீ ஏறுச்சு."

உள்ளங்கையை அசையாமல் நேராகப் பிடித்துக் காட்டினான்.

"அமுங்கல."

நான் ஒரு படி மேலே நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அக்கரையிலிருந்து இக்கரை வரைக்கும் ஒரு ஆள் பாரம்தான் தள்ளினேன். நான் திரும்பிப் பார்க்கல. பார்த்தா வீட்டுக்குப் போக மாட்டேன்னு தெரிஞ்சுச்சு."

எனக்குக் கோபம் வந்தது. "நீயே அவரை ஆத்துல தள்ளிட்டு என் தலையில கட்டுறியா?"

அவன் சண்டைக்கு வரவில்லை. "அப்படியே நினைச்சுக்கோ, ரெங்கசாமி. அதுதான் உனக்கு நல்லது" என்றான். மறுபடி கயிற்றை எடுத்துக்கொண்டான்.

எழுந்தேன். படியேறினேன். படகுக்காரன் பேச்சு, அதை எவன் நம்புவான்? நான் நம்பவில்லை. அப்படி ஒன்றை நம்பினால், இருட்டில் நீட்டிய கையை என் கை என்று நினைத்து மச்சான் சிரித்துக்கொண்டே பிடித்தாரே, அதையும் நம்ப வேண்டிவரும்.

பின்னாலிருந்து அவன் ஏதோ சொன்னான். நின்று கேட்கவில்லை. லான்மடாவ் தெருப் பக்கம் திரும்பி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்துவிட்டேன்.